எந்தச் சாமி குவார்ட்டருக்கு அடங்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பதினைந்து வருடக் குடி. இப்போதெல்லாம் காலையில் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன கார்த்திகையில் மாலை போட்டு அன்றே நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார், வியர்த்துக் கொட்டியது. சாமி வந்திருக்கிறது என்றார் மாமியார். நாத்தனாருக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால் டாக்டரிடம் போகவில்லை. கொழுந்தனார் ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்ததும் அடங்கிவிட்டார். இந்தத் தை மாதம் பத்து நாள் அறையில் பூட்டிவைத்தாவது நிறுத்தப் பார்க்கிறோம். அவருக்கு மனஉறுதி வர வழி சொல்லுங்கள்.
- வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: மனஉறுதியை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் எழுதினீர்களே, குவார்ட்டர் கொடுத்ததும் அடங்கிவிட்டார் என்று, அதைச் சொல்லுங்கள். எந்தச் சாமி அம்மா குவார்ட்டருக்கு அடங்கும்? கருப்பனுக்குப் படையல் உண்டு, தெரியும். அவர்கூடச் சுவரில் எறும்பு காட்டுவதில்லை. கொழுந்தனாருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. உங்களுக்கும்தான்.

காபா என்பது மூளை நரம்புகளை அடக்கிவைக்கும் ரசாயனம். குளூட்டமேட் கிளப்பிவிடும் ரசாயனம். மது முன்னதற்குத் துணைபோய், பின்னதை அமுக்கும். தினமும் ஊற்ற ஊற்ற மூளை ஈடுகட்டப் பார்க்கும்: காபாவுக்கு மசிவதைக் குறைத்துக்கொள்ளும், குளூட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திருவிழாவில் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் சட்டென்று விட்டால் எதிர்ப்பக்கம் என்ன ஆகும்? மாலை போட்ட அன்று உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் பிதற்றலும் இல்லாதது கண்ணில் தெரிவதும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். குவார்ட்டர் உள்ளே போனதும் விட்ட கயிற்றை மறுபடி பிடித்த மாதிரி ஆயிற்று, அடங்கினார்.

அதே மனிதரைத்தான் பத்து நாள் பூட்டப் போகிறீர்கள்! உள்ளே வலிப்பு வந்தால் யாருக்குத் தெரியும்?

சம்பந்தம் தட்டிப்போகுமென்று அண்ணனைச் சாகக் கொடுக்கப் பார்த்த வீடு உங்களுடையது. கோபம் வந்தால் வரட்டும். நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கும் சம்பந்தம் என் கணக்கில் சம்பந்தமே இல்லை. பெண் கொடுக்கிற இடத்திலும் சொல்லத்தான் வேண்டும். சென்னையில் பெரிய தொழில் குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொள்ளவில்லை. 1980இல் கணவர் பெயரிலேயே போதை மறுவாழ்வுக்கான அறக்கட்டளை தொடங்கினார்.

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப்போங்கள். அதுவரை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். டயசிபாம் வகை மருந்துகளை முதலில் போதுமான அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். அவை காபாவின் வேலைக்குக் கைகொடுப்பவை. கூடவே வைட்டமின் பி1. நேரே போகத் தயக்கமாக இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் போட்டு வழி கேளுங்கள், கட்டணமில்லை.

சரி, மனஉறுதி. அது தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். சாயங்காலம் கடைப் பக்கம் போனாலே, சொட்டு உள்ளே போகும் முன்பே மூளையில் ஆசையைக் கிளப்பும் ரசாயனமான டோபமைன் எகிறும். பழகிய இடம், பழகிய நேரம், பழகிய ஆட்கள், எல்லாம் அதைத் தூண்டும். குடியின் சுகத்தை மட்டுப்படுத்தும் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1994இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. உங்கள் கணவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஈரலைப் பரிசோதித்து டாக்டர் சொல்வார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சில மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது மதுவும் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

போகும்போது மாமியாரையும் கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மூன்றாம் நாள் ராத்திரியைக் கொழுந்தனாரே டாக்டரிடம் சொல்லட்டும், குவார்ட்டரையும் சேர்த்து.