ஷிபோரியும் அவுரி நீலமும்: கேட்டதும் சொன்னதும்

பன்னிரண்டு வருடமாக ஷிபோரி, அதாவது ஜப்பானியர் முறையில் துணியைக் கட்டுவதும் நீலத்தில் முக்குவதும்தான் என் வேலை. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் இந்த வாரம் வந்து சேர்ந்தவற்றையும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஷிபோரி என்பது நம்ம சுங்குடிதானே? ஜப்பான் பெயர் வைத்ததும் விலை ஏன் இப்படி ஏறுகிறது? (மதுரை)

அடிப்படை ஒன்றுதான். சாயம் போகக் கூடாத இடத்தைக் கட்டி அடைக்கிறோம். மதுரையில் சௌராஷ்டிரர்கள் போடும் சுங்குடி முடிச்சையும் கியோட்டோவின் கானோகோ புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் ஷிபோரி புள்ளியோடு நிற்பதில்லை. 'ஷிபோரு' என்றால் பிழிவது, முறுக்குவது. தைத்துச் சுருக்குவது, மடித்துப் பலகைக்கு நடுவே இறுக்குவது, கம்பத்தில் சுற்றி நெருக்குவது எல்லாமே அதில் அடங்கும்.

இதற்குப் பேர்போன ஊர் நகோயாவில் உள்ள அரிமட்சு. 1608இல் தோக்கைதோ நெடுஞ்சாலை ஓரமாகக் குடியேற்றப்பட்ட ஊர் அது. விவசாயத்துக்குப் போதுமான நிலம் இல்லை. அங்கே குடியேறிய தக்கேதா ஷோகுரோ கட்டுச்சாயம் போட்ட பருத்திக் கைத்துண்டுகளை வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார். பிறகு ஊரே அந்தத் தொழிலில் இறங்கியது. சுமார் நூறு விதக் கட்டுகள் அங்கே உருவாயின. ஒருவருக்கு ஒரு வித்தை என்பது அந்த ஊர் வழக்கம். புள்ளி கட்டும் பாட்டி ஆயுசுக்கும் புள்ளிதான் கட்டுவார்.

விலை அந்தக் கைக்குத்தான். சுங்குடிக்கும் இதே நியாயம் உண்டு. கையால் முடிச்சிட்ட சேலையை, அச்சடித்த சுங்குடியின் விலைக்குக் கேட்காதீர்கள்.

முதலில் எந்த முறையைக் கற்றுக்கொள்வது? (திருப்பூர்)

எல்லோரும் இதாஜிமேயில் தொடங்குகிறார்கள். துணியை விசிறி மாதிரி மடித்து, அதைத் திரும்ப முக்கோணமாகவோ சதுரமாகவோ மடித்து, இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்து இறுக்குவது. அரை மணியில் பலன் தெரியும், சந்தோஷமாக இருக்கும். தப்பில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் வாரமே ஊசியைக் கொடுத்துவிடுவேன். வரிவரியாக ஓட்டுத்தையல் போட்டு, எல்லா நூலையும் ஒரேயடியாக இழுத்துச் சுருக்கும் மொகுமே என்ற முறை. பெயருக்கு 'மரத்தின் ரேகை' என்று பொருள், பலகையை இழைத்தால் தெரியும் கோடுகள் போலவே வரும். எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு வெள்ளை நிற்கும் என்பது கைக்குப் புரிவது இதில்தான்.

கட்டின இடமெல்லாம் வெளிர் நீலமாகி டிசைனே தெரியவில்லை. நூல் சரியில்லையா? (ஈரோடு)

நூலும்தான், இறுக்கமும்தான். தையல் மிஷின் பருத்தி நூல் இழுக்கும்போதே அறுந்துவிடும் என்று பயந்து மெதுவாக இழுக்கிறோம். அங்கேதான் போச்சு. கெட்டியான பாலியஸ்டர் அல்லது நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, முனையில் பெரிய முடிச்சு போடுங்கள். துணியை லேசாக நனைத்துக்கொண்டு இழுத்தால் இன்னும் சுருங்கும். சுருக்கிய துணியைக் கிள்ளிப் பார்த்தால் கயிறு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் அவிழ்த்து மறுபடி இழுங்கள்.

இன்னொன்று, தொட்டிக்குள் கையை விட்டுத் துணியைக் கசக்கிக்கொண்டே இருந்தாலும் சாயம் மடிப்புக்குள் ஏறும்.

தொட்டியிலிருந்து எடுத்தால் துணி பச்சையாக இருக்கிறது! (நாகர்கோவில்)

அப்படித்தான் இருக்க வேண்டும். நீலம் தண்ணீரில் கரையாது. காரமான தண்ணீரில் அதை ஒடுக்கினால்தான், அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிராக மாற்றினால்தான், மஞ்சள் பச்சையாகக் கரைந்து நூலுக்குள் போகும். வெளியே எடுத்ததும் காற்று பட்டுத் திரும்ப நீலமாகி உள்ளேயே தங்கிவிடும். எடுத்தவுடன் மடிப்புகளை விரலால் லேசாகப் பிரித்துக் காற்று காட்டுங்கள். விளிம்பிலிருந்து உள்ளே பச்சை, மயில்கழுத்து நிறம், நீலம் என்று மாறிக்கொண்டே போவது கண்ணெதிரே நடக்கும். எத்தனை வருடமானாலும் அந்த இரண்டு நிமிடம் நான் வேறு எந்த வேலையும் பார்ப்பதில்லை.

ஹைட்ரோஸ் (நீலத்தை ஒடுக்கிக் கரைக்கும் ரசாயனம்) இல்லாமல் வீட்டிலேயே தொட்டி போட முடியுமா? வெல்லம் போதுமா? (புதுச்சேரி)

முடியும். எளிதானது ஒன்று, இரண்டு, மூன்று கணக்கு. ஒரு பங்கு நீலப் பொடி, இரண்டு பங்கு நீற்றிய சுண்ணாம்புப் பொடி, மூன்று பங்கு ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. நீலத்தை ஒடுக்குவது இந்தச் சர்க்கரைதான். பத்து லிட்டர் வாளிக்கு 50 கிராம், 100 கிராம், 150 கிராம் போட்டால் நடுத்தர நிறம் வரும். வெற்றிலைச் சுண்ணாம்பில் தண்ணீர் இருப்பதால் அதை வைத்து எடை போட்டால் கணக்கு தப்பும். நீலப் பொடியை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் நன்றாகக் குழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 50 டிகிரி அளவில் இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே தாமிர நிறத்தில் பளபளவென்று ஒரு படலம், நடுவில் நீல நுரை, அதை விலக்கினால் உள்ளே தேன் நிறமோ மஞ்சள் பச்சையோ தெரிய வேண்டும். தண்ணீரே நீலமாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை.

வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சாதாரணச் சர்க்கரை, அது நேரடியாக நீலத்தை ஒடுக்காது. நாள்கணக்கில் புளிக்க வைக்கும் தொட்டியில் நுண்ணுயிர்களுக்குத் தீனியாக வெல்லம் உதவும். நம் ஊர்ப் பழைய சாயக்காரர்கள் அவுரி நீலத்தோடு சுண்ணாம்பும் தகரை விதையும் வேகவைத்துச் சேர்த்துப் புளிக்க வைத்ததும் அதற்குத்தான்.

ஜப்பானில் பெரும்பாலும் பயன்படுவது அவுரி இல்லை, தாதே ஐ என்ற வேறு செடி. ஷிகோக்கு தீவின் தொகுஷிமாவில் அதன் இலையை நனைத்துக் கிளறி, ஏறக்குறைய நூறு நாள் மட்க வைத்து 'சுகுமோ' ஆக்குகிறார்கள். அதை மரச்சாம்பல் நீரில் கோதுமைத் தவிடு போட்டுப் புளிக்க வைப்பார்கள். அவசரப்படாதவர்கள் என்றைக்காவது அந்தத் தொட்டியை முயன்று பாருங்கள், அதன் நீலம் தனி.

ஒரே முக்கில் கருநீலம் வரவில்லையே? (சேலம்)

வராது. மூன்று நிமிடம் முக்கு, பத்துப் பதினைந்து நிமிடம் காற்று. இப்படி ஆறு, ஏழு தடவை. ஜப்பானியர்கள் மிக வெளிர் நீலத்துக்கு 'கமேநோசோகி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாடியை எட்டிப் பார்த்தது என்று அர்த்தம். துணி அவ்வளவு நேரம்தான் உள்ளே இருந்ததாம்! சாயத்தை அதிகம் கொட்டி ஒரே தடவையில் அடர்த்தி தேடினால் அது மேலே ஒட்டி நிற்கும், தேய்த்தால் கையில் வரும்.

கையில் ஒட்டுகிறது என்கிறீர்கள், என் குர்தாவும் அப்படித்தான். துவைத்தால் நிற்குமா? (கோவை)

பாதித் தப்பு சாயத்துக்கு முன்பே நடந்திருக்கும். காடாத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள், தண்ணீர் டீ மாதிரி ஆகும். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். சாயமிட்ட பிறகு ஒரு நாள் காற்றில் விட்டு, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அலசினால் சுண்ணாம்பு போகும். பிறகு மிதமான சோப்பில் அலசுங்கள். படிகாரம் தேவையே இல்லை, நீலத்துக்கு அது வேலை செய்யாது.

பட்டு? பாலியஸ்டர்? (தஞ்சாவூர்)

பட்டு பிடிக்கும், ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் அதிக நேரம் விடாதீர்கள், இழை முரடாகிவிடும். பாலியஸ்டர் வேண்டாம்.

அராஷி போட கம்பத்துக்கு எங்கே போவேன்? (தூத்துக்குடி)

பிளம்பிங் கடையில் நான்கு அங்குல பிவிசி குழாய் ஒரு மீட்டர் வெட்டி வாங்குங்கள். துணியைச் சாய்வாகச் சுற்றி, நூலை அரை அங்குல இடைவெளியில் இறுக்கிச் சுற்றி, நான்கு விரல் சுற்றியதும் ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்குங்கள். முழுத் துணியும் ஒரு சாண் அளவுக்கு ஒடுங்க வேண்டும். அராஷி என்றால் புயல், பிரித்தால் சாய்ந்து அடிக்கும் மழை மாதிரி கோடுகள். தள்ளும்போது கட்டைவிரல் வலிக்கும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

மீதமான தொட்டியைக் கொட்டிவிடுவதா? (காரைக்குடி)

ஐயோ, வேண்டாம். மூடி வையுங்கள். அடுத்த தடவை லேசாகச் சூடாக்கி, இரண்டு ஸ்பூன் ஃப்ரக்டோஸ் போட்டு, காற்றுப் புகாமல் மெதுவாகக் கிளறி ஒரு மணி நேரம் விடுங்கள். மண்டி அடியில் படிந்து, மேலே அந்தத் தாமிரப் படலம் திரும்பி வந்திருந்தால் துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ளலாம்.