காசுப் பைத்தியமும் பொழுதுபோக்கும்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. பழைய திருவிதாங்கூர் காசுகளை முப்பது வருடமாகச் சேர்த்து வருகிறேன். போன வாரம் என் பேரன் பள்ளிக்கூடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினான். 'என் தாத்தாவின் பொழுதுபோக்கு பழைய காசு சேர்ப்பது' என்று முதல் வரி. எனக்குச் சுருக்கென்றது. பொழுது போகாமலா ஞாயிறுதோறும் பழைய பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினேன்? சம்பாத்தியத்துக்கு மட்டும் வேலை, தொழில், உத்தியோகம் என்று எத்தனை சொற்கள்! ஆசைப்பட்டுச் செய்வதற்குத் தமிழில் மரியாதையாக ஒன்றுகூட இல்லையா? மற்ற மொழிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

ரா., நாகர்கோவில்

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

பேரனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாபி என்றால் பொழுதுபோக்கு என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதில் தமிழ் மட்டும் கஞ்சத்தனம் செய்துவிடவில்லை. ஜெர்மன் மொழியில் 'ட்சைட்ஃபெர்ட்ரைப்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் பொழுதை விரட்டுவதுதான். ஆங்கில ஹாபியின் கதை இன்னும் மோசம். கம்பு நுனியில் குதிரைத் தலையைச் செருகிக் குழந்தைகள் ஓட்டுவார்களே, அந்தப் பொம்மைக் குதிரையின் பெயரிலிருந்து வந்தது அது. நம் பிள்ளைகள் தென்னை மட்டையைக் காலிடுக்கில் வைத்து ஓட்டுவதைப்போல. வளர்ந்த மனிதன் பொம்மைக் குதிரையை விட்டு இறங்க மறுக்கிறான் என்ற கிண்டல் அதற்குள் இருந்தது. இன்று யாருக்கும் அது சுடுவதில்லை, மறந்துவிட்டார்கள்.

சமஸ்கிருதத்தின் 'வினோத'மும் வேரில் விரட்டுவதே. சலிப்பை விரட்டுவது, அதனால் விளையாட்டு, கேளிக்கை. மலையாளத்திலும் தெலுங்கிலும் இன்றும் அதே பொருள்தான். தமிழ்நாட்டில் மட்டும் வினோதம் விசித்திரமாகிவிட்டது. நீங்கள் திருவனந்தபுரம் பக்கம் அடிக்கடி போகிறவராக இருந்தால் 'வினோத சஞ்சாரி' என்பதைக் கேட்டிருப்பீர்கள். சுற்றுலாப் பயணி. நமக்கோ யாரோ விசித்திர ஆசாமி என்று தோன்றும்.

விரட்டாமல் ஆசைப்பட்ட மொழிகளும் இருக்கின்றன. அரபியில் ஹாபிக்கு 'ஹிவாயா' என்கிறார்கள், காதலைக் குறிக்கும் 'ஹவா'வோடு பிறந்த சொல். உருதுவில் 'ஷௌக்'. ஏக்கம், தீராத விருப்பம் என்று பொருள். இந்த ஷௌக் நம் ஊருக்கும் வந்தது. நாம் அதைச் 'சோக்கு' ஆக்கி, சென்ட் பூசிக்கொண்டு திரிகிறவரைச் சோக்குப் பேர்வழி என்றோம். நல்ல சொல், வீணடித்துவிட்டோம். ஜப்பானியர்கள் 'ஷுமி' என்கிறார்கள், ரசனை என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு 'அமெச்சூர்' என்றால் நேசிப்பவர். தமிழில் அமெச்சூர் நாடகத்தைப் பயில்முறை நாடகம் என்று பெயர்த்தார்கள். காதலனை மாணவன் ஆக்கிவிட்டோம்! கே. பாலசந்தர் ஏஜிஸ் ஆபீஸில், அதாவது அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். அவரைப் பயில்கிறவர் என்று சொன்னால் பொருந்துமா?

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். பொழுதுபோக்கில் எனக்குள்ள குறை வேறு. செய்கிறவருக்கும் சும்மா பார்க்கிறவருக்கும் அந்தச் சொல் ஒன்றே. தேய்ந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதும் பொழுதுபோக்கு, டிவி முன்னால் சாய்ந்து கிடப்பதும் பொழுதுபோக்கு. இரண்டாவதற்குக் கேளிக்கை என்று ஒரு சொல் இருந்தது. அதை வரி விதிக்க மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் சம்பாத்தியத்துக்கு இத்தனை சொற்கள் என்கிறீர்களே, அவற்றில் சில சம்பாத்தியத்துக்காகப் பிறந்தவையே அல்ல. உத்தியோகம் என்றால் முயற்சி, முனைப்பு. மகாபாரதத்தில் உத்தியோக பர்வம் இருக்கிறது. அங்கே யாரும் சம்பளத்துக்குப் போகவில்லை, போருக்கு ஆயத்தமாகிறார்கள். அந்த வீரச் சொல்தான் நம்மிடம் வந்து 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

விவசாயம் இதைவிடச் சுவாரசியம். சமஸ்கிருதத்தில் 'வ்யவசாயம்' என்றால் மன உறுதி, ஒன்றைச் செய்தே தீர்வது என்ற தீர்மானம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. இந்தி, மராத்தியில் அதுவே தொழில், வணிகம் ஆயிற்று. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உழவு. மலையாளத்தில் ஆலைத்தொழில்! மலையாளப் பத்திரிகையில் 'பிரமுக வ்யவசாயி' என்று ஒருவர் படத்தைப் போட்டால் அவர் முன்னணி விவசாயி அல்ல, பெரிய தொழிலதிபர். கேரளத்தின் 'வ்யவசாய வகுப்பு' தொழில்துறை. நெல்லுக்கு மானியம் கேட்டு ஒரு தமிழர் அங்கே போய் நின்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலையாளிகள் உழவுக்குக் கிருஷி என்பார்கள். இலங்கைத் தமிழில் உழவு கமத்தொழில், ஆலைத்தொழில் அங்கே 'கைத்தொழில்'. நமக்குக் கைத்தொழில் என்றால் கூடை முடைவது.

ஆக, முனைப்புக்கும் உறுதிக்கும் இருந்த சொற்களைச் சம்பளமும் வருமானமும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஹாபிக்குக் கையில் மிஞ்சியது பொழுது மட்டும். முப்பது வருடம் பாத்திரக் கடை ஏறி இறங்கியதற்குச் சரியான பெயர் பழைய கணக்கில் வ்யவசாயம்தான். ஆனால் கட்டுரையில் பேரன் 'என் தாத்தா ஒரு வ்யவசாயி' என்று எழுதினால் ஆசிரியர் உங்களிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்.

பேச்சுத் தமிழில் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்று சொல்வதுபோல உங்கள் வீட்டிலும் 'காசுப் பைத்தியம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் மரியாதை இல்லை, ஆனால் பொழுது போகாமல் செய்கிறார் என்ற பழியும் இல்லை. நான் பைத்தியத்தின் பக்கம்.

அப்புறம் ஒரு ஆசை. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூரில் கணக்கு இருந்த காலத்தில், பொடிப்பொடியான வெள்ளிச் சக்கரங்களை எண்ணக் குழி வெட்டிய ஒரு பலகை வைத்திருந்தார்களாமே. மேலே அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். உங்களிடம் அது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த முறை நாகர்கோவில் வரும்போது ஒரு பிடி சக்கரம் போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும்.