கதவு, கூரை, கணக்கு ஆசிரியர்: யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 86 பிள்ளைகள். கழிப்பறைக் கதவு பெயர்ந்து கிடக்கிறது, ஒரு வகுப்பறை மழைக்கு ஒழுகுகிறது, கணக்கு ஆசிரியர் இடம் காலி. தலைமையாசிரியர் ‘நிதி இல்லை’ என்கிறார். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். யாரிடம் போவது?

பதில்: தலைமையாசிரியர் பொய் சொல்லவில்லை, அவர் கைக்கு வருவது சொற்பம்தான். ஆனால் பள்ளிக்கான பணம் ஒரே வழியில் வருவதில்லை. உங்கள் மூன்று குறைகளுக்கும் மூன்று வாசல்கள். ஒரே மனுவில் சேர்த்து எழுதினால், ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று ஆளாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

முதலில் கதவு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டாயிரம் சொச்சம். சாக்பீஸ், பதிவேடு, சில்லறைப் பழுது எல்லாம் இதற்குள்தான். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்று விதி. கதவை இதிலேயே மாட்டிவிடலாம், குழுவின் தீர்மானம் போதும். இத்திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகளின் பணத்தை வைத்து இப்படி இழுபறி நடத்தியது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே மானியம் வந்ததா, எவ்வளவு மீதி என்பதை ரொக்கப் பதிவேட்டிலேயே பாருங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூரை அப்படியில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் மாநில அரசு ஊழியர்கள் ஆனார்கள், கட்டடம் மட்டும் ஊராட்சி ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. அதனால் கல்வி அலுவலரிடம் நடந்து பயனில்லை. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்து, ஒன்றியப் பொறியாளரை நேரில் வந்து மதிப்பீடு போடச் சொல்லுங்கள். ‘வகுப்பறை சரியில்லை’ என்று தீர்மானம் எழுதாதீர்கள். ‘ஏழாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்கு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழை நாளில் பிள்ளைகள் வராந்தாவில் உட்காருகிறார்கள்’ என்று கண்டதை எழுதி, புகைப்படம் வையுங்கள். கம்பி உண்மையிலேயே தெரிந்தால் மதிப்பீடு வரும்வரை அந்த அறையில் ஒரு பிள்ளையையும் உட்காரவைக்க வேண்டாம்.

ஆசிரியர் இடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். நிரந்தர நியமனமும் இடமாறுதலும் உங்கள் குழுவின் கையில் இல்லை. அரசு அனுமதிக்கும் காலியிடத்தில் மட்டும் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை வைக்கலாம், 2022இல் பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். உங்கள் பணியிடம் அந்த அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், பெற்றோரிடம் வசூல் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் குழுவின் சட்டப்படியான வேலை. கூரைத் தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் வைத்துப் பதிவு செய்யுங்கள். எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும், உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் விழாமல் வெளியே வராதீர்கள்.