வீட்டு கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் வைரஸ் திரும்ப வருகிறது. கடைக்காரர் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். வேறு வழியே இல்லையா?

இருக்கு. ஃபார்மேட்டுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரு இடத்தைப் பார்த்துடுங்க. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் செட்டிங்ஸுக்குள்ள கீழ வரைக்கும் போனா 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல இருக்கிற ஃபோல்டரை டிஃபெண்டர் (விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ்) ஸ்கேன் பண்ணாது. நீங்க சேர்க்காத ஏதாவது அங்க இருந்தா, ஸ்கேன்ல ஏன் சிக்கலைன்னு புரிஞ்சிடும்.

எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல அந்தப் பட்டியல்ல இருந்தது முழு சி டிரைவ்!

நான் தண்டையார்பேட்டை. எங்க தெரு மகளிர் குழுவோட கணக்கை நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறதும் நான்தான். பிரின்ட் எடுக்க பென்டிரைவோட ஜெராக்ஸ் கடைக்குப் போய்த்தான் ஆகணும். திடீர்னு ஒரு நாள் பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. அழிச்சா கண்ணெதிரேயே திரும்ப வருது. டாஸ்க் மேனேஜர்ல டபிள்யூஸ்கிரிப்ட்னு (விண்டோஸ்ல ஸ்கிரிப்ட் ஃபைலை ஓட்டுற புரோகிராம்) ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. ஸ்கேன் போட்டா ஒண்ணுமே இல்லைன்னு பச்சை டிக்.

கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "ஃபார்மேட் அடிச்சாதான்க்கா போவும். உள்ள இருக்கிறதுக்கு நான் கியாரண்டி கிடையாது"ன்னு அந்தத் தம்பி சாதாரணமா சொல்லுது. உள்ள இருக்கிறது குழு கணக்குப்பா! எந்த அக்கா எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எவ்வளவு லோன் பாக்கின்னு அத்தனையும் அதுலதான். போனா தெருவுல யார் முகத்துல முழிக்கிறது? மறுபடியும் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.

சித்தி பொண்ணுகிட்ட அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்துச்சு. 2011ல தொடங்கின திட்டத்துல கொடுத்ததுல விண்டோஸோட பாஸ் லினக்ஸ்னு இன்னொரு ஓஎஸ்ஸும் இருக்கும். யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. பாஸ்ல பென்டிரைவைச் சொருகினேன். எல்லா ஃபோல்டரும் அப்படியே இருக்கு. இந்த வைரஸ் ஃபைலை அழிக்கிறதில்ல, மறைச்சு வெச்சிட்டு அதே பேர்ல ஒரு ஷார்ட்கட்டைப் போடுது, அவ்வளவுதான். விண்டோஸ் ஸ்கிரிப்ட் லினக்ஸ்ல ஓடாது, அதனால அந்த லேப்டாப்புக்கும் ஒண்ணும் ஆகல. எக்செல், பிடிஎஃப், போட்டோ மட்டும் காப்பி எடுத்தேன். ஷார்ட்கட், ஸ்கிரிப்ட், எக்ஸ்இ ஃபைல் எதையும் தொடல. லினக்ஸ் கிடைக்கலைன்னா, கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்ல அட்ரிப் கட்டளைக்கு மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், கூடவே ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி கொடுத்தா மறைஞ்ச ஃபைலும் ஃபோல்டரும் வெளிய வரும்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல கை வெச்சேன். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்க. விண்டோஸோட சேர்ந்து தானா ஓடுற எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் காட்டுற ஆட்டோரன்ஸ்ங்கிற புரோகிராமை மைக்ரோசாஃப்ட் இலவசமா கொடுக்குது, அதை வேற ஒரு நல்ல கம்ப்யூட்டர்ல இறக்கிக் கொண்டு வந்துடுங்க. நெட்டைப் பிடுங்குங்க. எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைக் காலி பண்ணுங்க. டாஸ்க் மேனேஜர்ல அந்த டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்துங்க. ஆட்டோரன்ஸை அட்மினா திறந்து, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைச்சிட்டுப் பாருங்க. ஆப்டேட்டாங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபைலைக் காட்டுற வரியில, வாயில நுழையாத எழுத்துல ஒரு பேர் இருந்தா அதோட டிக்கை எடுங்க. குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற வேலைகளைக் காட்டுற ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தைக் கட்டாயம் பாருங்க, எனக்கு அங்கதான் கிடைச்சுது. நான் ஃபைலை அழிக்க அழிக்க, குறிச்ச நேரத்துக்கு அந்த டாஸ்க் அதைத் திரும்ப எழுதிக்கிட்டு இருந்திருக்கு. கடைசியா விண்டோஸ் செக்யூரிட்டியோட ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழும்புறதுக்கு முன்னாடியே தேடும், சுமார் 15 நிமிஷம் ஆகும். வைரஸ் ஓடிக்கிட்டு இருக்காததால அப்போ ஒளிய முடியாது. எங்க கம்ப்யூட்டர்ல அதோட போச்சு.

சி டிரைவை எக்ஸ்க்ளூஷன்ல போட்டது யாருன்னு கேப்பீங்க. அந்த டிரைவ்லயே ஒரு கிராக் ஆக்டிவேட்டர் (காசு கட்டாத விண்டோஸை ஒரிஜினல் மாதிரி ஓட வைக்கிற திருட்டு புரோகிராம்) ஃபோல்டர் இருந்துச்சு. அதோட தேதி, கம்ப்யூட்டர் எங்க வீட்டுக்கு வந்த அதே நாள். அசெம்பிள் பண்ணினவர் ஓஎஸ்ஸுக்குன்னு தனியா காசு வாங்கிட்டு, கிராக் போட்டு, டிஃபெண்டர் அதைப் பிடிக்கக் கூடாதுன்னு மொத்த டிரைவையும் திறந்து விட்டுட்டுப் போயிருக்கார். வாட்ச்மேனை வேலைக்கு வெச்சிட்டு 'வீட்டுப் பக்கம் திரும்பாதே'ன்னு சொன்ன மாதிரி. இவங்ககிட்டயே ஃபார்மேட்டுக்குக் கொடுத்தா, அதே பென்டிரைவ்ல இருந்து அதே கிராக்தான் திரும்ப ஏறும்.

'ஃபார்மேட்தான் பாதுகாப்பு, அரைகுறையா சொல்லித் தராதே'ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: அந்த கம்ப்யூட்டர்ல பேங்க் பாஸ்வேர்டு அடிச்சிருந்தா நானும் ஃபார்மேட்தான் சொல்வேன். ஆனா முதல்ல காப்பி எடுங்க. மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து இறக்கின ஒரிஜினலைப் போடுங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதையும் கணக்குல வெச்சுக்கோங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த நேரத்துல மானிட்டரும் மக்கர் பண்ணுச்சு. வீட்டுக்கே வந்து பார்க்கிற வாரண்டி இருக்கு. கம்பெனி பேர் வேணாம். அட்ரஸ் சொன்னதும், "அந்த ஏரியாவுக்கு எங்க ஆள் வரமாட்டாங்க மேடம், மவுன்ட் ரோடு சென்டருக்குக் கொண்டு வந்துடுங்க"ன்னு பதில். விக்கும்போது இதே பின்கோடுக்குத்தானே டெலிவரி கொடுத்தீங்க? மழை வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நிக்கும்போது அதைத் தூக்கிட்டு நான் மவுன்ட் ரோடு போகணுமாம். மத்த ஏரியாவுல இருக்கிறவங்க கட்டின அதே காசைத்தான் நானும் கட்டினேன். தண்டையார்பேட்டைன்னு கேட்டதும் குரல் மாறுறது எனக்கு இன்னிக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாத்தையும் போன்ல இருந்து மாத்துங்க, அந்த கம்ப்யூட்டர்ல வேணாம். ஜெராக்ஸ் கடைக்கு இனிமே பிடிஎஃப்பை மெயில்ல அனுப்புங்க. ஆட்டோரன்ஸ்ல எந்த வரி எதுக்குன்னு புரியலைன்னா டெலீட் அடிக்காம டிக்கை மட்டும் எடுத்துட்டு, அந்த வரியை அப்படியே எழுதிக் கேளுங்க, பார்த்துச் சொல்றேன்.