சிரப்பைக் கொட்டிவிடுங்கள், அண்ணனைப் பக்கத்தில் விடுங்கள்

முதலில் அந்தச் சளி சிரப்பைக் கொட்டிவிடுங்கள், மற்றதற்கெல்லாம் அப்புறம் வருகிறேன். நாலு வயது மகனுக்குப் போன மாதம் எழுதிக்கொடுத்த மருந்து. பிறந்து 19 நாளான பாப்பா தும்முகிறாள் என்று அதிலிருந்து "அஞ்சாறு சொட்டு மட்டும்" இரண்டு வேளை கொடுத்ததாகக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த ஒரு வரிதான். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லி, பாட்டிலின் மேலேயே அதை அச்சிடச் சொன்னது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் கலப்படமான இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்களே, அதற்குப் பிறகு 2 வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்தே எழுத வேண்டாம் என்று எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கே மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. நாங்களே எழுதக் கூடாத மருந்தை நீங்கள் சொட்டு எண்ணிக் கொடுக்கலாமா? கொடுத்து மூன்று நாளாகிவிட்டது, பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள் என்கிறீர்கள், அதனால் அந்தச் சொட்டுகளை நினைத்து இனி கலங்க வேண்டாம். மருந்தின் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, பாப்பாவைக் காட்டப் போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருகிறேன். பதினோரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது: "பெரியவன் பாப்பாவைக் கிள்ளிவிட்டான், அவன் ஏதாவது செய்துவிடுவானோ என்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்."

செய்ய மாட்டான். அவனை ஒரு வில்லனைப் போலப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அவன் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நாலு வருடமாக உங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன். வளைகாப்பு முடிந்து நீங்கள் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், எல்.கே.ஜி. வீணாகக் கூடாது என்று அவன் கரூரில் அப்பாவிடமும் பாட்டியிடமும் இருந்துவிட்டான். சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் அழுதுகொண்டே பஸ் ஏறுவான். இரண்டு மாதமாக இது நடக்கிறது. பாப்பா பிறந்த பிறகு வந்தால், வாசலிலேயே "கிட்ட போகாதே, உனக்குச் சளி" என்கிறார்கள். வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் அவன் கன்னத்தைக் கிள்ளி "இனிமே உங்கம்மா பாப்பாவுக்குத்தான், உனக்கு இல்லை" என்று சிரிக்கிறார்கள். நம் ஊரில் இதை வேடிக்கை என்று நினைத்துச் சொல்கிறார்கள், நாலு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்புகிறான். அவன் கோபம் தங்கச்சி மேல் இல்லை. அம்மா எங்கே போனாள் என்று கேட்கத் தெரியாமல் கிள்ளியிருக்கிறான்.

படுக்கையில் மறுபடி சிறுநீர் போகிறான், மழலையாகப் பேசுகிறான், பால் வேண்டும் என்கிறான், இதெல்லாம் பிடிவாதமா என்றால் இல்லை. இந்த வயதில் தங்கச்சியோ தம்பியோ பிறந்த வீடுகளில் நான் அன்றாடம் பார்ப்பது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். துணியை மாற்றிவிட்டுப் பேசாமல் படுக்க வையுங்கள், காலையில் பாட்டி முன்னால் அதைப் பேச வேண்டாம். பால் கேட்டால் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், ருசி பார்த்துவிட்டு அவனே போய்விடுவான், பாப்பாவுக்குப் பால் குறைந்துவிடாது. இதற்காக மனநல நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு வீடியோவின் இணைப்பையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த வீடியோவையும் இனி பார்க்க வேண்டாம், பிரசவித்த உடம்போடு ராத்திரி இரண்டு மணிக்கு அதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வராது.

மாமியார் சொல்வது போல மூன்று மாதம் அவனைக் கரூரிலேயே வைத்திருப்பது சரியா என்று கேட்டீர்கள். சரியில்லை, உடனே கூட்டி வரச் சொல்லுங்கள். எல்.கே.ஜி.யில் ஒரு மாதம் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. நீங்கள் பால் கொடுக்கும்போது உங்கள் இன்னொரு பக்கத்தில் அவன் உட்காரட்டும், பாப்பாவின் துணியை எடுத்துத் தரட்டும், பாதத்தைத் தடவட்டும். ஒரு நாளில் அரை மணி நேரமாவது பாப்பாவை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் இருங்கள். மறுபடி கிள்ளினால் கையைப் பிடித்து "வலிக்கும், கூடாது" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அதோடு முடிந்தது. அடி, திட்டு, "கெட்ட பையன்" எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. இரண்டு பேரையும் ஒரே அறையில் பெரியவர்கள் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். அவன் பொறாமைக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை, அவன் பாசத்துக்குப் பயந்துதான் சொல்கிறேன். என்னிடம் அவசரமாகத் தூக்கி வரப்பட்ட ஒரு மாதக் குழந்தையின் வாயில் பொட்டுக்கடலை இருந்தது, மூன்று வயது அக்கா "பாப்பாவுக்குப் பசிக்குது" என்று ஊட்டியிருக்கிறாள், நல்ல வேளையாக அது தொண்டைக்குள் இறங்கவில்லை. தேன் தொட்டு வைப்பார்கள், ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது, பாட்டி வைத்தாலும் கூடாது. குளிருமே என்று போர்வையை முகம் வரை இழுத்து மூடுவார்கள். தூளியை வேகமாக ஆட்டுவார்கள், உள்ளே ஏறியும் படுப்பார்கள். எல்லாமே ஆசையில் செய்வதுதான். அதனால் தின்பண்ட டப்பா உயரத்தில் இருக்கட்டும், நீங்கள் குளிக்கப் போகும்போது அவன் உங்கள் அப்பாவோடு வெளியே இருக்கட்டும்.

அடுத்து அவன் சளி. வாட்ஸப்பில் வந்த "அண்ணனின் சளி பாப்பாவுக்கு மூளைக்காய்ச்சலாக மாறும்" செய்தியை அழித்துவிடுங்கள். அதற்காகச் சளி ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து அவன் கொண்டு வருகிற அதே வைரஸ் அவனுக்கு மூக்கொழுகலோடு போய்விடும், இரண்டு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு நெஞ்சில் இறங்கி மூச்சைத் திணறடிக்கலாம். கக்குவான் இருமலும் அப்படித்தான், பெரியவர்கள் வெறும் வறட்டு இருமல் என்று நினைத்திருப்பார்கள், பச்சிளம் குழந்தை இருமாமலேயே சில நொடி மூச்சை நிறுத்தி நீலம் பாய்ந்துவிடும். அதனால் வெளியே இருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சட்டையை மாற்றட்டும், சளி இருக்கும் வரை பாப்பாவின் முகத்திலும் கையிலும் முத்தம் வேண்டாம், பாதத்தில் கொடுக்கலாம். அவன் தும்மல் அடித்ததற்காக அவனை வேறு ஊருக்கு அனுப்பத் தேவையில்லை. உங்களுக்கே சளி பிடித்தாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தாய்ப்பாலைத் தொடருங்கள், அந்தச் சளியை எதிர்க்கிற சக்தி உங்கள் பால் வழியாகத்தான் அவளுக்குப் போகிறது.

இதை விட முக்கியமாக எனக்குத் தோன்றியது, நீங்கள் கேட்காமலே விட்ட ஒன்று. கரூர்ப் பாட்டிக்கு "ஒரு மாதமாக இருமல், வயசாயிடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், காசநோயாக இருக்கலாம், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்வார்கள். முடிவு வரும் வரை அவர் பாப்பாவைத் தூக்க வேண்டாம். மனம் நோகாமல் உங்கள் கணவர் சொல்லட்டும், அது அவர் வேலை.

இப்போது நான் சொல்வதை உங்கள் அம்மாவையும் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். இந்த வயதில் நீங்கள் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. இரண்டு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குத் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அது ராத்திரி ஒரு மணியாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. அக்குளில் வைத்து 99.5 இருந்தால், போர்த்தியிருக்கிற துணியைத் தளர்த்திவிட்டு இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இறங்கவில்லை என்றால் கிளம்புங்கள். தொட்டுப் பார்த்து "லேசாகச் சுடுது" என்று சொல்வதை நம்ப வேண்டாம், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பெரிய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தொண்டை வலி என்கிறான், வாந்தி எடுக்கிறான், எங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது. பச்சிளம் குழந்தையிடம் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தாலும் வெளியே தெரிவது அந்தக் காய்ச்சல் மட்டுமாகவே இருக்கலாம். பல நேரம் அதுகூட இருக்காது, உடம்பு சில்லிட்டுப் போகும், பால் குடிப்பதை விட்டுவிடும், எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். நேற்று வரை இழுத்து இழுத்துக் குடித்தவள் இன்று இரண்டு வேளை தொடர்ந்து காம்பைப் பிடிக்கவே இல்லை என்றால் அதையும் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் அவள் தூங்கும்போது வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், அப்போதும் அப்படியே இருந்தாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ போய்விடுங்கள்.

கிளம்பும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சூடு இறங்கும், நாங்கள் பார்க்கும்போது குழந்தை நன்றாக இருப்பது போலத் தெரியும், உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அண்ணனுக்கு வாங்கிய சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம், தூக்கக் கலக்கத்தில் ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம், ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். போகிற வழியில் பாப்பாவை உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக் கேள்விகள். விக்கல், தும்மல், தூக்கத்தில் திடுக்கிடுவது, ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மஞ்சளாக மலம் போவது, எல்லாம் இயல்பு. பாப்பாவின் மார்பு வீங்கியிருப்பது உங்கள் ஹார்மோனால் வந்தது, தானாக வற்றும், யாராவது பிதுக்கிப் பால் எடுக்கிறேன் என்று வந்தால் கையைத் தட்டிவிடுங்கள், சீழ் பிடித்துவிடும். உரை மருந்து, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வசம்பை உரசி நாக்கில் தடவ வேண்டாம்.

உங்கள் கணவர் பெரியவனைக் கூட்டி வரும்போது அவன் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், விட்டுப்போயிருந்தால் அவனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ப் போட்டுவிடுங்கள், அவனுக்குக் கக்குவான் வராமல் பார்த்துக்கொள்வதே பாப்பாவுக்கும் ஒரு காவல். பாப்பாவின் 45 நாள் ஊசிக்குப் போகும் அன்று அவனையும் கூட்டிப் போங்கள். ஊசி போடும்போது அவள் பாதத்தை அவன் பிடித்துக்கொள்ளட்டும்.