முகப்புச் சின்னம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் படங்களில் ரெனோ காரின் வைரச் சின்னம் தட்டையாக, வெறும் கோடாக இருக்கிறது. என்னுடைய 2019 ட்ரைபரில் அதுவே புடைத்துப் பளபளக்கிறது. எது அசல்? அது சரி, வைரம் எதற்கு?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இரண்டும் அசல்தான். தட்டைச் சின்னம் 2021-ல் வந்தது. இந்தியாவில் விற்கும் கார்களில் அது 2025-ல் புதுப்பித்த ட்ரைபரோடுதான் ஏறியது.

வைரம் வந்ததற்குக் காரணம் ஹாரன். ரெனோவின் 1900-ஆம் ஆண்டுச் சின்னம் இரண்டு ஆர் எழுத்துகள் பின்னிய பதக்கம். 1906-ல் பல்சக்கரத்துக்குள் ஒரு காரின் முகம். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், அந்தக் காரை எடுத்துவிட்டு, போருக்காக ரெனோ செய்த எஃப்டி டாங்கியை வரைந்தார்கள். இவையெல்லாம் கம்பெனியின் அடையாளங்கள். காரின் மூக்கில் உட்காரவில்லை. அக்கால ரெனோவில் ரேடியேட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருந்ததால் பானட்டின் முன்பக்கம் மூடிய தகடு. அதற்குள் ஹாரன். சத்தம் வெளியே வரத் துளை வேண்டுமே! 1923-ல் அங்கே வட்டமான கம்பித்தட்டு ஒன்றைப் பொருத்தி, நடுவில் பெயரை எழுதினார்கள். ஆனால் பானட்டின் நடுவே கூரையின் முகடு போல ஒரு விளிம்பு ஓடியது. வட்டத்தை அதன்மேல் மடித்தால் கோணலாகத் தெரியும். வைரத்தை நடுக்கோட்டில் மடித்தால் கச்சிதமாக உட்காரும். 1925-ல் வட்டம் போய் வைரம் வந்தது. பிறகு ஹாரனும் இடம் மாறியது, பானட்டும் மாறியது. வைரம் மட்டும் தங்கிவிட்டது.

கம்பெனி அரசுடைமையான பின் 1946-ல் மஞ்சள் நிறம் சேர்ந்தது. 1972-ல் விக்டர் வாசரேலி என்ற ஓவியர் இணைகோடுகளால் வரைந்த வைரம்தான் எங்கள் கணக்கில் இவற்றுள் சிறந்தது. 1992-ல் புடைப்பு வந்தது, கம்ப்யூட்டரில் நிழலும் பளபளப்பும் போடுவது சுலபமான காலம். இப்போது அதே சின்னம் கைப்பேசித் திரையில் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருங்கியும் தெரிய வேண்டும். அந்த அளவில் நிழல்கள் கலங்கி அழுக்குத் திட்டாகிவிடும். ரெனோ மட்டுமல்ல, ஃபோக்ஸ்வாகனும் (2019) தட்டைக்குத் திரும்பியதற்கு முக்கியக் காரணம் இதுவே.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மிளகு அரைக்கும் குடுவை ஒன்று இருக்கிறது. அதில் பெஜோ என்று பெயரும் சிங்கமும் உண்டு. கார் கம்பெனியின் விளம்பரப் பொருளா?
– வாசகர், பாகூர்

இல்லை. காரைவிட அந்தக் குடுவைக்குத்தான் வயது அதிகம். பெஜோ குடும்பம் காப்பி அரைக்கும் கருவியை 1840-லும், மிளகுக் குடுவையை 1874-லும் செய்யத் தொடங்கியது. முதல் கார் 1889-ல்தான்.

சிங்கம் இன்னும் சுவையான விஷயம். அது ரம்பத்துக்காகப் பிறந்தது. 1847-ல் ஜுஸ்தேன் பிளாசேர் என்ற செதுக்குக் கலைஞர் வரைந்து கொடுத்தார். 1858-ல் முறையாகப் பதிவானது. சிங்கத்தின் பல்லைப் போல உறுதியான ரம்பப்பல், முதுகெலும்பைப் போல வளையும் தகடு, பாய்ச்சலைப் போல வேகமான அறுப்பு: இந்த மூன்றையும் சொல்லும் குறி. வேகத்தைக் காட்ட, பழைய சின்னத்தில் சிங்கம் ஓர் அம்பின்மேல் நடக்கும். 1948-ல் 203 மாடலில் அது பின்னங்கால்களில் எழுந்து நின்றது. கம்பெனி பிறந்த ஃபிராஞ்ச் கோந்தே பகுதியின் சின்னத்திலுள்ள சிங்கம் அது. 1960-ல் கேடயத்துக்குள் தலை மட்டும். 2021-ல் மறுபடியும் அதே கேடயமும் தலையும். பானட்டின் மேல் பாயும் உலோகச் சிங்கமும் ஒரு காலத்தில் இருந்தது. மோதினால் நடந்துபோகிறவரைக் குத்திக் கிழிக்கும் என்று 1950-களின் இறுதியில் கைவிட்டார்கள்.

சித்ரோயன் காரின் இரண்டு தலைகீழ் ‘வி’ ராணுவப் பட்டைதானே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

இல்லை, பல்சக்கரத்தின் பற்கள். ஆந்த்ரே சித்ரோயன் கார் செய்வதற்கு முன் பல்சக்கரம் செய்தவர். நேரான பற்கள் முழு நீளமும் ஒரே நேரத்தில் மோதுவதால் சத்தம் வரும். சாய்வாக வெட்டினால் சத்தம் குறையும். ஆனால் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும், பேரிங் தேயும். எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு வரிசைகளைச் சேர்த்தால் ஒரு தள்ளலை மற்றொன்று அடித்துவிடும். அப்படிச் சேர்ந்த பல்லின் வடிவமே அந்த இரட்டைக் கோணம். 1919-ல் வந்த முதல் காரிலிருந்து இன்றுவரை அது மாறவில்லை. சுற்றியுள்ள நீள்வட்டம் இடையில் போய், 2022-ல் திரும்பியிருக்கிறது.

பிஎம்டபிள்யூ சின்னம் விமான விசிறியா?
– வாசகர், நெய்வேலி

இல்லை. பவேரிய மாநிலத்தின் நீலமும் வெள்ளையும். சின்னம் பதிவானது 1917-ல்; 1929-ல் ஒரு விளம்பரப் படத்தில் அதை விசிறியின்மேல் வைத்ததிலிருந்து அந்தக் கதை ஓடுகிறது.

வீடு கடற்கரை ஓரம். காரின் குரோம் சின்னத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள். பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும்? நானே மாற்றலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

துருப்பிடிப்பது பிளாஸ்டிக் அல்ல, அதன் மேலுள்ள முலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாக மிக மெல்லிய குரோம். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புக்காற்று அதன் வழியே இறங்கி நிக்கலைத் தின்னும். செம்பைத் தொட்டதும் பச்சை தெரியும். அந்த நிலைக்குப் பிறகு பாலிஷ் பயன்படாது. பூஜைச் சாமான் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். புளியின் அமிலம் மிச்சத்தையும் முடித்துவிடும். புதுச் சின்னத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, மாதம் ஒருமுறை மெழுகு பூசினால் பல ஆண்டுகள் நிற்கும்.

மாற்றுவது சுலபம். முதலில் சின்னத்தின் இரண்டு ஓரங்களையும் பெயிண்டர் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரால் ஒன்றிரண்டு நிமிடம் சூடேற்றுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். 0.5 மி.மீ. தூண்டில் நரம்பைப் பின்னால் நுழைத்து, அறுப்பதுபோல் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போய்விடும். நரம்பு நடுவில் சிக்கினால் பின்னால் முளை இருக்கிறது என்று அர்த்தம். நேராக வெளியே இழுக்க வேண்டும். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம்.

ஒட்டுவதற்கு அக்ரிலிக் ஃபோம் டபுள் சைடு டேப். நட்டநடு வெயிலில் கொதிக்கும் தகட்டிலும், ஐப்பசி மழை ஈரத்திலும் ஒட்டாதீர்கள். காலை நிழலில் செய்யுங்கள். 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதமும் வரும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். அதுவரை வாட்டர் சர்வீஸ் பக்கம் போக வேண்டாம்.

முன் சின்னத்தைக் கருப்பாக மாற்றினேன். அன்றிலிருந்து முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகம் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை. வயர் கழன்றிருக்குமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

வயரைத் தேட வேண்டாம், சின்னத்தைப் பாருங்கள். இந்த வசதியுள்ள பல கார்களில், முன்னால் போகும் வண்டியை அலைவிட்டுக் கண்டறியும் ரேடார் முன் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது விடும் 77 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.9 மி.மீ. தான். உலோக முலாம் அந்த அலையைத் திருப்பி அடித்துவிடும். அதனால் அந்தச் சின்னத்தில் வழக்கமான குரோம் இருக்காது. தட்டையான பிளாஸ்டிக் பலகைக்குள், துண்டு துண்டாகப் படிந்த இன்டியம் என்ற உலோகப் பூச்சுதான் உலோகம்போல் மின்னும். பலகையின் கனமும் அலைநீளத்துக்கு ஏற்பக் கணக்கிட்டது. கடையில் வாங்கிய கருப்புச் சின்னமோ, மேலே ஒட்டிய வினைல் ஸ்டிக்கரோ, உலோகத்தூள் கலந்த பெயின்ட்டோ, எதுவானாலும் கணக்கு கெடும். உங்கள் மாடலுக்கான அசல் பலகையையே போடுங்கள். ரேடாரைக் கழற்றியிருந்தால் கோணத்தைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

1970 மாடல் ஃபியட்டைப் புதுப்பிக்கிறோம். மெக்கானிக் ‘பிரீமியர் பத்மினி’ எழுத்துகளைக் கொண்டுவந்திருக்கிறார். பழைய உலோக எழுத்துகள் குழிகுழியாக இருக்கின்றன. என்ன செய்ய?
– வாசகர், வில்லியனூர்

பத்மினி எழுத்துகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1964 முதல் இங்கே வந்தது ‘ஃபியட் 1100 டிலைட்’. 1970-களின் தொடக்கத்தில் ‘பிரீமியர் பிரசிடென்ட்’ ஆகி, 1974-ல்தான் பத்மினி ஆனது. உங்கள் வண்டிக்கு ஃபியட் சின்னமே பொருந்தும்.

பழைய எழுத்துகள் துத்தநாகக் கலவை வார்ப்பாகத்தான் இருக்கும். பிளேட்டிங் கடையில் இதை முதலிலேயே சொல்லுங்கள். நேராக அமிலச் செம்புத் தொட்டியில் (அமிலக் கரைசலில் செம்பு முலாம் ஏற்றும் தொட்டி) போட்டால் அமிலம் எழுத்தை அரித்துவிடும். பழைய முலாமை நீக்கி, குழிகளைச் சுரண்டி, முதலில் சயனைடு கரைசலில் செம்பு முலாம் ஒரு கை. அதன்மேல் அமிலச் செம்பு கனமாக ஏற்றி, பஃபிங் செய்து குழிகளை மட்டமாக்க வேண்டும். பிறகு நிக்கல், குரோம். சயனைடு வேலையை வீட்டில் முயலவே கூடாது. பின்னாலுள்ள முளைகளுக்குப் பழைய ஸ்பீடு நட் (முளையைக் கவ்விப் பிடிக்கும் தகட்டு நட்) வேண்டாம், புதிதாகப் போடுங்கள். எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வைத்தால் தண்ணீர் தேங்காது. நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பானர் போட்டால் முளை ஒடியும்.