மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது இந்த ஜூனிலா, அடுத்த ஜூனிலா?

கேள்வி: எனக்கு வயது 33. நியூஜெர்சியில் மென்பொருள் வேலை, கிரீன் கார்டு இருக்கிறது. டாக்டராக வேண்டும் என்று முடிவெடுத்து, மாலை வகுப்பில் பயாலஜியும் பொது கெமிஸ்ட்ரியும் முடித்துவிட்டேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பாக்கி. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை ஆகஸ்டில் எழுத நினைக்கிறேன். மனைவியும் வேலை பார்க்கிறார், மாதம் 4,200 டாலர் கைக்கு வருகிறது. மகளுக்கு 3 வயது. சேமிப்பு 70,000 டாலர். ஏற்கனவே வயதாகிவிட்டதே என்ற பதற்றம் இருக்கிறது. இந்த ஜூனிலேயே விண்ணப்பித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அடுத்த ஜூனில் விண்ணப்பியுங்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஒரு வருடம் தள்ளினால் டாக்டராகச் சம்பாதிக்கும் காலத்தில் ஒரு முழு வருடச் சம்பளம் போகிறது என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அவசரப்பட்டு விண்ணப்பித்து இடம் கிடைக்காவிட்டாலும் அதே வருடம் போகும், கட்டிய பணமும் சேர்ந்து போகும்.

ஆகஸ்டில் எம்கேட் எழுதினால் மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர நேர்முகத்துக்கு அழைத்து, இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். ஜூனில் எல்லாம் தயாராக அனுப்பியவர்களுக்குப் பின்னால் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். தவிர, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் அந்தத் தேர்விலேயே வருகின்றன. படிக்காமல் எழுதி மதிப்பெண் குறைந்தால் அதுவும் உங்கள் பதிவில் நிற்கும், அடுத்த முறை கல்லூரிகள் பார்க்கும். 20 கல்லூரிகளுக்குப் போட்டால் முதல்கட்டக் கட்டணம் 1,000 டாலரைத் தாண்டும். ஜூலையில் ஒவ்வொரு கல்லூரியும் இரண்டாம்கட்டக் கட்டுரைகளைக் கேட்கும், அதற்குத் தனிக் கட்டணம், தலைக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 2,000.

இதைவிட முக்கியம் உங்கள் வீட்டுக் கணக்கு. இந்த ஜூனில் விண்ணப்பித்தால் சேர்வது அடுத்த வருடம் ஆகஸ்டில். அப்போது மகளுக்கு 4 வயது, டேகேர் தொடரும். வாடகை 2,300, டேகேர் 1,400, சாப்பாடு, கார், போன், மற்றதெல்லாம் 1,800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,500. உங்கள் சம்பளம் நின்ற பிறகு மனைவியின் 4,200-இல் மாதம் 1,300 துண்டு விழும். ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தால் மகள் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் போகும் வயதில் இருப்பாள். பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ள 400 டாலர் என்றால் துண்டு 300-ஆகக் குறைகிறது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் வித்தியாசம் 12,000 டாலர். நான் போட்ட எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், திசை மாறாது என்றே நினைக்கிறேன்.

கடன் விதிகளும் மாறிவிட்டன. முன்பு பட்டப்படிப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தந்த கிராட் பிளஸ் கடனை வாங்கிப் படிப்புச் செலவு முழுவதையும் மத்திய அரசுக் கடனிலேயே சமாளிக்கலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. மருத்துவப் படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்பதே உச்சவரம்பு. தனியார் கல்லூரியில் தங்கும் செலவு உட்பட வருடத்துக்கு 90,000-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன்தான். அதில் வருமானத்துக்கு ஏற்றபடி தவணை கட்டும் திட்டமும் இல்லை, பொதுச் சேவையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் கடன் தள்ளுபடியும் இல்லை. ஆகவே கையில் இருக்கும் சேமிப்பு இப்போது முன்பைவிட மதிப்பு வாய்ந்தது. ரட்கர்ஸ் போன்ற உங்கள் மாநிலக் கல்லூரிகளைப் பட்டியலில் முதலில் வையுங்கள். இந்த இடைவெளியில் வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனால் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான கட்டணச் சலுகையை இழக்க நேரலாம்.

சரி, இந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? செப்டம்பரிலிருந்து மனைவியின் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள். உங்கள் சம்பளம் முழுவதும் தனிக் கணக்குக்குப் போகட்டும். துண்டு விழும் தொகையை மட்டும் அதிலிருந்து எடுங்கள். நான்கு வருடம் எப்படி இருக்கும் என்பது இரண்டே மாதத்தில் உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மனைவியின் சம்மதம் இந்தச் சோதனைக்குப் பிறகு கிடைப்பதுதான் உண்மையான சம்மதம்.

அப்புறம், உங்கள் கம்பெனி எச்.ஆரிடம் படிப்பு உதவித் தொகை பற்றிக் கேளுங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தர அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மாலை வகுப்புகளை ஏற்பார்களா, வாங்கிய பிறகு எத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மூலம் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் 401-கே பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. படிப்புச் செலவு என்று சொல்லி அந்த அபராதத்திலிருந்து தப்பிக்கும் வழி தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பான ஐஆர்ஏ கணக்குக்குத்தான் இருக்கிறது, 401-கேக்கு இல்லை.

எம்கேட்டை அடுத்த ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் எழுதுங்கள். அதற்கு முன் முழுநீள மாதிரித் தேர்வுகளில் நீங்கள் குறித்த மதிப்பெண் தொடர்ந்து வரவில்லை என்றால் தேர்வைத் தள்ளுங்கள். அப்படி ஒரு நிலை வந்தால் ஜூனையும் தள்ளத் தயங்க வேண்டாம்.

வேலையை இப்போது விடாதீர்கள், தேர்வுக்குப் படிப்பதற்காகவும் விடாதீர்கள். இடம் உறுதியாகி, கல்லூரி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு விட்டால் போதும். விட்ட உடனேயே மனைவியின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் உங்களையும், மகள் உங்கள் காப்பீட்டில் இருந்தால் அவளையும் சேர்த்துவிடுங்கள். பொதுவாக 30 நாள் அவகாசம்தான், தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும்.